ஸ்ட்ரெப்டோமைசஸ் நன்றாக வளர்கிறது, ஆன்டிபயாட்டிக் மட்டும் குறைந்துகொண்டே போகிறது: எங்கே தவறுகிறேன்?

மண்துகள் (கேள்வி)

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மண்ணிலிருந்து நானே பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் (இழையாக வளர்ந்து ஆன்டிபயாட்டிக் செய்யும் பாக்டீரியா) ஒன்று கையில் இருக்கிறது. 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீன் வரிசை பார்த்துப் பேரினம் உறுதியாகிவிட்டது, சிற்றினம் இன்னும் முடிவாகவில்லை. பிளேட்டில் சாம்பல் நிற ஸ்போர், அடியில் மஞ்சள் நிறமி, மூடியைத் திறந்தால் மழை விழுந்த மண்ணின் வாசம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பிளேட்டில் குழி போட்டு என் கல்ச்சரின் வடிநீரை விட்டபோது முதல் தடவையே 24 மிமீ ஜோன் (ஸ்டஃபைலோகாக்கஸ் வளராத வட்டம்) வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அது எட்டு மாதத்துக்கு முந்தைய கதை. இப்போது அதே குழி, அதே அளவு வடிநீர், 15 மிமீதான் வருகிறது.

ஆரம்ப மீடியம்: சோயா மாவு 1%, குளுக்கோஸ் 1%, டைபொட்டாசியம் பாஸ்பேட் லிட்டருக்கு 0.5 கிராம், கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட். 250 மிலி ஃபிளாஸ்க்கில் 100 மிலி, 28 டிகிரி, 150 ஆர்பிஎம், ஐந்து நாள். ஜோன் குறைய ஆரம்பித்ததும் சத்துப் பற்றவில்லை என்று நினைத்தேன். குளுக்கோஸை 4% ஆக்கினேன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தேன், பாஸ்பேட்டை 2 கிராம் ஆக்கினேன். செல் எடை மளமளவென்று ஏறியது. ஃபிளாஸ்க்கைத் தூக்கினால் கூழ் போலக் குலுங்குகிறது. ஜோன் இன்னும் இறங்கிவிட்டது. கடைசி நாள் பிஹெச் 5.2.

கல்ச்சரை வாரா வாரம் புதுப் பிளேட்டுக்கு மாற்றி உயிரோடு வைத்திருக்கிறேன். வழிகாட்டி யுவி (புற ஊதா ஒளி) அடித்து மியூட்டன்ட் (ஜீன் மாறிய வகை) எடுக்கச் சொல்கிறார். உடன் படிப்பவர்கள் புள்ளியியல் மென்பொருளை வைத்து மீடியத்தைச் சரிசெய் என்கிறார்கள். எதை முதலில் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நொதிகலன் (பதில்)

தம்பி, யுவி விளக்கைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள். ஆன்டிபயாட்டிக் நொதித்தலில் 22 வருடம் இருந்தவன் நான். ஷேக்கர் ஃபிளாஸ்க்கில் தொடங்கி, ஏணி வைத்து ஏறிப் பார்க்கவேண்டிய கலன்கள் வரை வேலை செய்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று வரிகள் என்னை உலுக்கிவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, "வாரா வாரம் புதுப் பிளேட்டுக்கு மாற்றி". எட்டு மாதம் என்றால் முப்பது தடவைக்கு மேல் மாற்றியிருப்பீர்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் பிரித்த அதே பாக்டீரியாதானா? பெரும்பாலும் இருக்காது.

ஸ்ட்ரெப்டோமைசஸின் குரோமோசோம் மற்றப் பெரும்பாலான பாக்டீரியாக்களைப் போல வளையமாக இருப்பதில்லை, நீள்கோடாக இருக்கிறது. இரண்டு ஓரங்களும் நிலையற்றவை. பெரிய பெரிய துண்டுகள் தாமாகவே உதிர்ந்துபோகும். ஆயிரத்தில் ஒரு ஸ்போரில், சில இனங்களில் அதைவிடக் கூடுதலாக, இப்படி நடக்கிறது. ஓரத்தை இழந்த செல் சாவதில்லை. மருந்து செய்யும் சுமை குறைந்துபோனதால் பக்கத்தில் இருப்பதைவிட வேகமாகவே வளரும். ஒவ்வொரு தடவை நீங்கள் லூப்பால் எடுத்துத் தேய்க்கும்போதும் வேகமாக வளர்ந்ததற்கே கூடுதல் இடம் கிடைக்கிறது. நீங்கள் அறியாமலே முப்பது தடவை மருந்து செய்யாததைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறீர்கள்.

இது புதிய சங்கதியும் அல்ல. 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். அடுத்த ஓரிரு வருடத்திலேயே அந்த இனத்தில் வான்வலை (ஸ்போர் உண்டாகும் மேல் இழைகள்) இழந்த, மருந்தும் செய்யாத வகைகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். காரணம் ரொம்பப் பிறகுதான் புரிந்தது. அந்தப் பாக்டீரியா ஏ-ஃபேக்டர் என்ற ஒரு சின்ன மூலக்கூறைச் சுரக்கிறது. ஸ்போர் உண்டாக, ஸ்ட்ரெப்டோமைசின் செய்ய, தன் மருந்தில் தானே சாகாமல் இருக்க, மூன்றுக்கும் அதுவே சமிக்ஞை. அதைச் செய்யும் ஜீன் குரோமோசோமின் ஓரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓரம் உதிர்ந்தால் மூன்றும் சேர்ந்து போகிறது. அதனால்தான் மொட்டைக் காலனியை, அதாவது வான்வலையும் ஸ்போரும் இல்லாததை, பார்த்தாலே எங்களைப் போன்றவர்களுக்கு வயிறு கலங்கும்.

நான் நேரில் பட்டது ஒன்று. நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில் டைட்டர் (திரவத்தில் எவ்வளவு மருந்து என்ற அளவு) மாதத்துக்கு மாதம் இறங்கியது. சோயா மாவின் தரம் என்றார்கள், மாற்றினோம். தண்ணீர் என்றார்கள், அதையும் மாற்றினோம். நுரையடக்கி என்றார்கள், காற்று வடிகட்டி என்றார்கள். நாலு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் விதைக் கல்ச்சரை நீர்த்து, தனித்தனிக் காலனி வரும்படி பரப்பிவைத்தேன். ஏழாம் நாள் பிளேட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால், மாவு தூவியது போன்ற சாம்பல் காலனிகளுக்கு நடுவே மெழுகு சொட்டியது போல வழுவழுப்பாக, ஸ்போரே இல்லாமல் காலனிகள். எண்ணினால் பாதிக்கு மேல். விசாரித்தால், விதைப் பிரிவில் மாஸ்டர் குப்பியைத் தீர்த்துவிடக் கூடாதென்று ஸ்லான்ட்டிலிருந்து (சாய்வு அகர் குழாய்) ஸ்லான்ட்டாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பழைய உறைஉலர் ஆம்பூல் ஒன்றை உடைத்தோம். அடியில் சுண்ணாம்புத் தடம் போலக் கொஞ்சம் வெள்ளைப் படிவு, அவ்வளவுதான் இருந்தது. அதிலிருந்து எழுப்பிய விதையில் டைட்டர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மாவின் மேலும் தண்ணீரின் மேலும் போட்ட பழியெல்லாம் வீண்.

ஆகவே இன்றைக்கே உங்கள் கல்ச்சரை நீர்த்துப் பரப்புங்கள். ஒரு பிளேட்டுக்கு நூறு இருநூறு காலனி வரட்டும். எத்தனை மொட்டை என்று எண்ணுங்கள். முதல் மாதத்துக் கிளிசரால் குப்பி ஏதாவது ஃப்ரீசரில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள்.

இரண்டாவது, சத்து. நல்ல சாப்பாடு போட்டால் நிறைய மருந்து செய்யும் என்று எல்லோரும்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருக்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசஸின் வாழ்க்கையில் ஆன்டிபயாட்டிக் என்பது வளர்ச்சி மட்டுப்பட்ட பிறகு வருவது. மண்ணில் உணவு தீர்கிறது, இழைகள் தம்மையே கரைத்து ஸ்போருக்கு ஊட்டத் தயாராகின்றன, அந்த நேரத்தில் சுற்றியிருக்கும் மற்றவை வந்து தின்றுவிடாமல் இருக்க மருந்து. உணவு ஏராளமாக இருக்கும்வரை அந்த ஜீன்கள் உறங்கத்தான் செய்யும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். டைபொட்டாசியம் பாஸ்பேட் லிட்டருக்கு 0.5 கிராம் என்றால் ஏறத்தாழ 2.9 மில்லிமோலார். 2 கிராம் என்றால் 11.5. பல ஆன்டிபயாட்டிக்குகளில் 10 மில்லிமோலார் அளவு பாஸ்பேட்டே உற்பத்தியை அமுக்கப் போதும், வளர்ச்சிக்கு அது சொர்க்கமாக இருந்தாலும். ஃபோஆர், ஃபோபி என்று ஒரு ஜோடிப் புரதம் வெளியே பாஸ்பேட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால்தான் அடுத்த கட்டம். குளுக்கோஸும் அப்படியே. வேகமாகக் கரையும் சர்க்கரை இருக்கும்வரை மருந்துப் பாதை அடங்கிக் கிடக்கும். ஆகையால்தான் ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் போல மெல்ல மெல்ல உடையும் கார்பனை நொதித்தல்காரர்கள் நாடுகிறோம். பென்சிலின் பூஞ்சை செய்வது, பாக்டீரியா அல்ல. ஆனால் அங்கேயும் இதே பாடம்: 1940-களில் லாக்டோஸைக் கொடுத்தார்கள், அது மெதுவாகக் கரைவதால். பிறகு குளுக்கோஸையே துளித்துளியாக விட்டு அதே வேலையை வாங்கக் கற்றுக்கொண்டார்கள்.

பிஹெச் 5.2 என்று எழுதியிருக்கிறீர்களே, அது கூடுதல் குளுக்கோஸை எரித்து முடிக்க முடியாமல் அமிலமாக வெளியே கக்கியதன் அடையாளம். ஏன் எரிக்க முடியவில்லை என்றால், அதுதான் என் மூன்றாவது வரி.

250 மிலி ஃபிளாஸ்க்கில் 100 மிலி ஊற்றினால் மூச்சுத் திணறும், தம்பி. 28 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு கிராம் குளுக்கோஸை முழுக்க எரிக்க ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 40 கிராம் குளுக்கோஸ் போட்டிருக்கிறீர்கள். கரைந்திருக்கும் அந்த 8 மில்லிகிராம் தீரத் தீர மேலிருந்து ஆயிரக்கணக்கான தடவை நிரம்பியாக வேண்டும். ஃபிளாஸ்க்கில் திரவம் ஆழமாக இருந்தால் அது நடக்காது. 250-க்கு 30, மிஞ்சிப்போனால் 50 மிலி ஊற்றுங்கள். அடியில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங்கைச் சுருட்டிப் போடுங்கள், அல்லது பள்ளம் விட்ட ஃபிளாஸ்க் வாங்குங்கள்.

ஸ்பிரிங் காற்றுக்கு மட்டுமல்ல. உங்கள் ஃபிளாஸ்க்கை மூன்றாம் நாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? குண்டூசித் தலை அளவுக்கு உருண்டை உருண்டையாக இருக்கிறதா, மேகம் போலப் பரவி இருக்கிறதா? உருண்டை என்றால் ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி மெத்திலீன் புளூ போட்டு மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். ஓரத்தில் இழைகள் நன்றாக நீலம் பிடித்து நிற்கும். நடுவில் வெளிறிப்போய், உடைந்த துணுக்குகளாகக் கிடக்கும். ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேராமல் நடுப்பகுதி செத்திருக்கிறது. அந்தப் பிணத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் செல் எடை என்று எடுத்திருக்கிறீர்கள். சில இனங்கள் உருண்டையாக இருந்தால்தான் மருந்து செய்யும் என்பதும் உண்மை, உங்களுடையது எந்த வகை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தூவும் ஸ்போரை எண்ணித் தூவுங்கள், மிலிக்கு பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பிளேட்டிலிருந்து ஒரு துண்டு அகரை வெட்டிப் போட்டால் ஒவ்வொரு ஃபிளாஸ்க்கும் ஒவ்வொரு கதை சொல்லும்.

இப்போதைக்கு எனக்கு நாலே நாலு சேர்க்கைக்கு விடை வேண்டும். பழைய குப்பி, இப்போதைய கல்ச்சர். பழைய மீடியம், புது மீடியம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று ஃபிளாஸ்க். அதைச் செய்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.

அளவுகோல் (பதில்)

நொதிகலன் ஐயா சொன்ன பிறகு நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டால் உங்கள் எல்லா எண்ணும் தப்பாகப் போகும், சகோ.

24 மிமீ 15 ஆகியிருக்கிறது, எனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஜோன் விட்டம் செறிவுக்கு நேராக ஏறுவதில்லை, செறிவின் மடக்கைக்கு நேராக ஏறுகிறது. உதாரணமாக, செறிவு இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 3 மிமீ கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 9 மிமீ குறைந்தது என்பதற்கு மூன்று தடவை பாதியாகிவிட்டது என்று அர்த்தம். எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். திரும்பிப் பார்த்தாலும் அப்படியே, 2 மிமீ கூடியதை "சின்ன மாற்றம்" என்று குப்பையில் போட்ட மீடியம் ஒன்று உங்கள் நோட்டில் இருக்கலாம். போய்ப் புரட்டிப் பாருங்கள்.

என்ன சேர்மம் என்று தெரியாததால் வாங்கி வைக்க ஸ்டாண்டர்டு கிடையாது. அதற்கு வழி இருக்கிறது. உங்கள் மிகச் சிறந்த வடிநீரைச் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்துவிடுங்கள், அதற்கு 100 அலகு என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் அதன் முழு அளவு, பாதி, கால், அரைக்கால் என்று நாலு குழி கட்டாயம் இருக்கட்டும். அகர் ஒரு மில்லிமீட்டர் தடித்துப்போனாலே ஜோன் சுருங்கிவிடும், அந்த நாலு குழி இருந்தால் பிளேட்டுக்குப் பிளேட் வரும் வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும். உறையவைத்தது கெட்டுப்போகிறதா என்றும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

கல்ச்சர் இல்லாத வெறும் மீடியத்தை பிஹெச் 5.2-க்குக் கொண்டுவந்து ஒரு குழியில் விடுங்கள். அதற்கே ஜோன் வந்தால் உங்கள் 15-இல் கொஞ்சம் அமிலத்தின் வேலை.

இழைப்பூ (பதில்)

இதே நிலையில் ஒரு வருடம் கழித்தவள் என்பதால் எழுதுகிறேன். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) குளுக்கோஸையும் சோயாவையும் ஒன்றாகவா போடுகிறீர்கள்? மீடியம் வெளியே வரும்போது கரும்பழுப்பாக இருந்தால் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து கருகியிருக்கிறது. குளுக்கோஸைத் தனியாக அவித்து, ஆறிய பிறகு சேருங்கள். சோயா மாவைக் கட்டி இல்லாமல் முன்னாலேயே ஊறவிடுங்கள். கட்டிக்கு உள்ளே 121 டிகிரி போய்ச் சேராமல் பேசிலஸ் என்ற வேறு பாக்டீரியாவின் ஸ்போர் தப்பித்து, எனக்கு மூன்று பேட்ச் நாசமானது. அதுவும் ஜோன் கொடுத்தது! இரண்டு மாதம் பேசிலஸின் மருந்தை என் ஸ்ட்ரெப்டோமைசஸின் மருந்து என்று அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு அறுவடை நாளிலும் ஒரு சொட்டை எடுத்து கிராம் ஸ்டெயின் பாருங்கள்.

மியூட்டன்ட் வேண்டுமென்றே வழிகாட்டி சொன்னால் யுவியைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த அகரில் ஸ்போரைப் பரப்பி, தாமாக எதிர்ப்புப் பெற்று வரும் காலனிகளைப் பொறுக்குவது. ஜப்பானில் கோசோ ஓச்சியின் குழு வளர்த்தெடுத்த முறை. ஸ்ட்ரெப்டோமைசஸ் லிவிடன்ஸில் ஆக்டினோரோடின் என்ற நீல மருந்தைச் செய்யும் ஜீன்கள் எல்லாம் இருந்தும் வழக்கமாக அது செய்வதில்லை. ரைபோசோமின் எஸ்12 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய, ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் மியூட்டன்ட்டில் அது நீலத்தைக் கொட்டியது. 1996-இல் வெளிவந்த முடிவு. உங்கள் கல்ச்சருக்கு ஏற்கனவே இயல்பான ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். எதிர்ப்புள்ள கல்ச்சர் ஒரு துளிகூட ஆட்டோகிளேவ் ஆகாமல் வெளியே போகக் கூடாது.

ஆனால் இதெல்லாம் ஐயா சொன்ன நாலு சேர்க்கைக்கும் பிறகுதான். பாதி மொட்டையான கல்ச்சரில் மியூட்டன்ட் தேடினால் கிடைப்பது எதனால் கிடைத்தது என்றே தெரியாது.

மண்துகள் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவுகளோடு வந்திருக்கிறேன்.

இப்போதைய கல்ச்சரைப் பரப்பியதில் 214 காலனி. 141 மொட்டை. எண்ணி முடித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஃப்ரீசரின் அடித்தட்டில், உறைபனிக்குள் புதைந்து, முதல் மாதத்தில் நான் போட்ட கிளிசரால் குப்பி இரண்டு கிடைத்தன. லேபிள் மை பாதி அழிந்திருந்தது, தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதைப் பரப்பியதில் 188 காலனி, 3 மட்டும் மொட்டை.

அளவுகோல் சொன்னபடி நாலு குழி வைத்தேன். என் சேர்மத்துக்கு ஒரு இரட்டிப்புக்கு 2.7 மிமீ. அப்படியென்றால் 24-லிருந்து 15 என்பது பத்தில் ஒரு பங்கு! "முப்பத்தேழு சதவீதக் குறைவு" என்று ஆய்வுக் குழுவுக்கு நான் கொடுத்த அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். அமிலமாக்கிய வெறும் மீடியத்துக்கு ஜோன் வரவில்லை.

பழைய குப்பியைப் பழைய மீடியத்தில், பழைய மாதிரியே 100 மிலியில் வளர்த்து, அதற்கு 100 அலகு என்று வைத்துக்கொண்டேன். பழைய குப்பி, சத்து கூட்டிய மீடியத்தில்: 40. இப்போதைய கல்ச்சர், பழைய மீடியத்தில்: 28. இப்போதைய கல்ச்சர், சத்து கூட்டிய மீடியத்தில்: 10. இரண்டு தவறும் தனித்தனியாக அடித்து, ஒன்றோடொன்று பெருகியிருக்கின்றன.

பிறகு பழைய குப்பியை, பழைய மீடியத்தில், 30 மிலி மட்டும் ஊற்றி ஸ்பிரிங் போட்டு ஓட்டினேன். 210. ஜோன் 27 மிமீ. மூன்றாம் நாள் உருண்டைகளே இல்லை, ஃபிளாஸ்க்கைச் சுழற்றினால் புகை சுருள்வது போல இழைகள் சுருள்கின்றன. நான்காம் நாள் மஞ்சள் நிறமி வந்தது. முன்பெல்லாம் திரவத்தில் அந்த மஞ்சளை நான் பார்த்ததே இல்லை.

மியூட்டேஷன் எதுவும் செய்யாமல், பழைய குப்பியிலிருந்து வந்த சாம்பல் காலனிகளில் 12-ஐத் தனித்தனியாக எடுத்து அதே 30 மிலி முறையில் ஓட்டினேன். 125-லிருந்து 310 வரை பரவி நிற்கிறது. மூன்று தடவை திருப்பிச் செய்தும் எண் 7 மேலேயே இருக்கிறது. இனி என்ன செய்யலாம், ஐயா?

நொதிகலன்

தம்பி, படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. அறிக்கையைத் திருத்திக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதற்கு என் மரியாதை தனி.

வேறு எதையும் தொடும் முன் எண் 7-ஐக் காப்பாற்றுங்கள். நன்றாக ஸ்போர் பிடித்த பிளேட் ஒன்றிலிருந்து ஸ்போரைச் சுரண்டி, 20% கிளிசராலில், ஒரே நாளில் ஐம்பது வயல் (சிறு குப்பி) போடுங்கள். பத்தை மாஸ்டர் என்று எழுதித் தனி ஃப்ரீசரில் வையுங்கள், முடிந்தால் வேறு கட்டடத்தில். மிச்சம் வேலைக்கு. ஒரு வயலைத் திறந்தால் அன்றைக்கே அது முடிந்தது, திரும்ப உறையவைக்காதீர்கள். பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றுவது இன்றோடு நிற்கட்டும்.

அடுத்தது, ஐந்தாம் நாள் அறுவடை என்று யார் சொன்னது? 12 மணிக்கு ஒரு தடவை மாதிரி எடுங்கள். மிச்சச் சர்க்கரை, பிஹெச், உலர் எடை, அலகு, நாலையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். சர்க்கரை தீரும் மணியும் மருந்து எழும் மணியும் எவ்வளவு பக்கத்தில் விழுகின்றன என்று பார்ப்பீர்கள். உச்சத்தைத் தாண்டி மருந்து இறங்கினால் அது உடைகிறது, அல்லது பாக்டீரியாவே அதை உருமாற்றுகிறது. அந்த உச்சம் நான்காம் நாளிலேயே வந்துபோயிருந்தால் நீங்கள் இத்தனை நாளும் இறங்குமுகத்தைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

அதன் பிறகுதான் மீடியம். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பாஸ்பேட் குறைவாக இருக்கும்போது உதவும் கார்பன், பாஸ்பேட் கூடும்போது உதவாமல் போகலாம், அந்தப் பிணைப்பு அப்படித் தேடினால் தெரியாது. பிளாக்கெட்டும் பர்மனும் 1946-இல் கொடுத்த அட்டவணை ஒன்று இருக்கிறது, 12 ஓட்டத்தில் 11 காரணிகள் வரை வடிகட்டலாம். ஆனால் அது ஒவ்வொன்றின் நேரடி விளைவைத்தான் காட்டும், பிணைப்பைக் காட்டாது. முன்னால் நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரெஸ்பான்ஸ் சர்ஃபேஸுக்கு (பிணைப்பையும் காட்டும் சோதனைத் திட்டம்) போங்கள். குளுக்கோஸுக்குப் பதில் ஸ்டார்ச்சை ஒரு காரணியாக வையுங்கள். கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 2 கிராம் ஒரு காரணி. பிஹெச்சையும் பிடிக்கும், பாஸ்பேட்டையும் கொஞ்சம் கட்டிப்போடும்.

சேர்மம் என்னவென்று தெரிந்த பிறகு இன்னொரு வாசல் திறக்கும். எரித்ரோமைசின் செய்யும் பாக்டீரியாவுக்கு மூலக்கூறின் முதுகெலும்பு புரோப்பியோனைல் துண்டுகளிலிருந்து வருகிறது, எனவே புரோப்பனால் ஊட்டினால் விளைச்சல் கூடும். டாப்டோமைசினின் வாலுக்கு டெக்கனாயிக் அமிலம் வேண்டும், அதையே கொடுக்கிறார்கள். ஆனால் அது செல்லுக்கு நஞ்சு, அதனால் தேங்கவிடாமல் சொட்டுச் சொட்டாக. எந்தச் செங்கல் பற்றாக்குறை என்று தெரிந்தால்தான் இந்த வேலை. ஆகவே சேர்மத்தை அடையாளம் காண மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுக்க இப்போதே வரிசையில் நில்லுங்கள். ஏற்கனவே தெரிந்த மருந்தாகவும் இருக்கலாம், ஸ்ட்ரெப்டோமைசஸில் அது அடிக்கடி நடக்கும். மனம் தளராதீர்கள். தெரிந்த மருந்தின் டைட்டரைக் கூட்டுவதும் மருந்து சேரவேண்டியவர்களுக்குச் சேரும் வேலைதான்.

கலனுக்குப் போகும்போது கேளுங்கள், கிளறியின் வேகத்தைப் பற்றி ஒரு முழு ராத்திரி பேசலாம்.

மண்துகள்

48 வயல் போட்டாயிற்று, ஐயா, இரண்டு கீழே விழுந்து உடைந்தன. பத்து மாஸ்டரை பக்கத்துத் துறையின் மைனஸ் 80-இல் வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். 12 மணி மாதிரி இன்று காலை தொடங்கியது. 36-ஆம் மணியில் சர்க்கரை பாதியாகும் என்று நினைக்கிறேன், வரைபடத்தை இங்கேயே போடுகிறேன்.